உறக்கமா, மயக்கமா?



புற்றுநோயாளர் இருக்கும் வீடுகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் குருக்கள் அனைவரும் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்று உண்டு. நோயாளியின் அறையில் அது எழுவதில்லை. விடைபெற்றுத் திண்ணைக்கு வரும்போது மகளோ மருமகளோ பின்தொடர்ந்து வந்து தாழ்ந்த குரலில் கேட்பாள்: "சுவாமி, டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். கொடுத்தால் அப்பா எந்நேரமும் தூங்குகிறார். கொடுக்காவிட்டால் வலியில் கத்துகிறார். இப்படியே தூக்கத்தில் போய்விட்டால் நாங்களே கொன்றதாக ஆகாதா?"

கேட்பவள் பெரும்பாலும் பல இரவுகள் கண்ணயராதவள். அவளுக்குரிய விடை திண்ணையில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக் கூடியதன்று. ஆதலால் இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். அபினிலிருந்து கிடைக்கும் மருந்துகள் மனிதனின் உறக்கத்தையும் விழிப்பையும் என்ன செய்கின்றன என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான், மனச்சான்றின் கேள்விக்கு நேர்மையாக விடை காண இயலும்.

அபின் என்பது கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிந்து உறையும் பால். (நம் வீட்டுக் குழம்பில் அரைத்துச் சேர்க்கும் கசகசா அதே செடியின் விதைதான். விதையில் மயக்கப்பொருள் மிகச் சொற்பம். சமையலறையில் எவரும் அஞ்ச வேண்டியதில்லை.) தாவர நூலார் அச்செடிக்கு இட்ட இலத்தீன் பெயரிலேயே உறக்கம் தருவது என்னும் பொருள் அடங்கியுள்ளது. 1804-05 வாக்கில் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில், மருந்துக்கடை உதவியாளராக இருந்த ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர் என்னும் இளைஞர் அபினிலிருந்து அதன் வீரியப் பொருளை மட்டும் வெண்படிகமாகப் பிரித்தெடுத்தார். கிரேக்கப் புராணத்தில் கனவுகளின் தேவனாகிய மார்ஃபியுஸின் பெயரை அதற்குச் சூட்டினார். மார்ஃபின் என்னும் பெயர் வந்த வரலாறு இதுவே. பெயர் பொருத்தமானதுதானா என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

இறைவன் அமைத்த உறக்கம் ஒரே சீரான இருட்டு அன்று. பழைய துறவு மடங்களில் இரவைச் சாமங்களாகப் பகுத்து எழுந்து செபித்தது போல, உடலும் தன் இரவைப் பகுத்துக்கொள்கிறது. முதலில் இலேசான துயில்; அதன்பின் ஆழ்ந்த துயில்; பிறகு கண்மணிகள் இமைக்குள் அலையும் கனவுத் துயில். இந்தச் சுற்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஓர் இரவில் நான்கு அல்லது ஐந்து சுற்றுகள் நிகழும். முன்னிரவில் ஆழ்துயில் மிகுதி, விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் துயில் மிகுதி. உடல் தேறுவது பெரும்பாலும் ஆழ்துயிலில். நினைவுகளும் மனக்கலக்கங்களும் ஒழுங்குபெறுவதில் கனவுத் துயிலுக்குப் பெரும் பங்குண்டு என்பர். காலையில் எழுந்து, "நன்றாகத் தூங்கினேன்" என்று நாம் சொல்வது மணிக்கணக்கை மட்டும் வைத்தன்று. இச்சுற்றுகள் குறைவின்றி நடந்தேறின என்பதையே உடல் அவ்வாறு அறிவிக்கிறது.

அபின் வகை மருந்து இந்த ஒழுங்கில்தான் கைவைக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோய்நொடி அற்ற மனிதர்களுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து இரவு முழுவதும் அவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்தனர். ஆழ்துயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. இலேசான துயில் அந்த இடத்தை நிரப்பியது. தொடர்ந்து உட்கொள்வோரிடம் கனவுத் துயிலும் குறைவதுண்டு. இடையிடையே விழிப்பு வந்து இரவு துண்டுபடுவதும் உண்டு. கனவின் தேவன் பெயரைத் தாங்கிய மருந்து கனவுத் துயிலையே பறிப்பது விந்தையன்றோ! அதனை உண்டவர் உறங்குவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவர் துயிலின் மேற்படியிலேயே நெடுநேரம் அமர்ந்திருக்கிறார். தமிழில் உறக்கம் என்றும் மயக்கம் என்றும் நம் முன்னோர் இரு சொற்களை வைத்தது வீணன்று.

"அப்படியானால் நோயாளிக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆய்வில் மருந்துண்டவர்கள் வலி இல்லாதவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. வாயிலோ கருப்பையிலோ எலும்பிலோ புற்று பரவிய மனிதருக்கு ஆழ்துயில் என்று ஒன்று மீதமில்லை. மருந்து பறிக்கக் கூடியதைவிடப் பன்மடங்கு அதிகமாக வலி ஏற்கெனவே பறித்துவிட்டது. தூக்கமின்மை வலியை இன்னும் கூர்மையாக்குகிறது. கூர்மையான வலி அடுத்த இரவையும் கெடுக்கிறது. இந்தச் செக்கில் அகப்பட்டுச் சுழல்பவருக்கு வலியைத் தணித்தாலன்றி உறக்கம் திரும்புவதில்லை.

மருந்து தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்கள் நோயாளி ஓயாமல் தூங்குவார். வீட்டார் கலங்குவது இந்த நாட்களில்தான். அந்தத் தூக்கத்தில் மருந்தின் பங்கும் உண்டு. வாரக்கணக்கில் செலுத்தப்படாத உறக்கக் கடனின் பங்கும் உண்டு. பின்னர் உடல் மருந்துக்குப் பழகிவிடும். மந்தம் தெளியும், வலி தணிவதோ நீடிக்கும். (பழகாதது ஒன்றுண்டு, அது மலச்சிக்கல். அதற்குரிய மருந்தை முதல் நாளிலிருந்தே தர வேண்டும். இத்தகைய காரியத்தைத் திருச்சபை இதழில் எழுதுவதா என்று நாணுவோர் நாணட்டும்; படுக்கையில் கிடப்பவர் எனக்கு நன்றி சொல்வார்.)

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியதில் கத்தோலிக்கக் கன்னியர் இல்லம் ஒன்றுக்குப் பங்குண்டு. இலண்டனின் ஹாக்னி பகுதியில் அயர்லாந்திலிருந்து வந்த பிறரன்புச் சகோதரிகள் 1905-இல் தொடங்கிய புனித சூசையப்பர் இல்லத்தில், 1958 முதல் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் சபை மருத்துவர் பணிபுரிந்தார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகே ஊசி போடுவது அக்கால வழக்கம். அவர் அதனை மாற்றி, வலி தலைதூக்குமுன் குறித்த நேரந்தவறாமல் வாய்வழியே மருந்து கொடுக்கச் செய்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். அவர்கள் மயங்கிக் கிடக்கவில்லை. உண்டார்கள், உரையாடினார்கள், தம் பிள்ளைகளை அடையாளம் கண்டு விடைபெற்றார்கள். 1967-இல் அவரே புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். நம் நாட்டில் 1986-இல் பம்பாய் பாந்திராவில் சாந்தி அவேதனா இல்லம் இதே வழியில் எழுந்தது. அதே 1986-இல் உலகச் சுகாதார நிறுவனமும் புற்றுநோய் வலிக்குக் கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

நமது பங்கில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் தாடையில் புற்று. நான்கு மணிக்கு ஒருமுறை ஒரு மாத்திரை என்பது மருத்துவர் கட்டளை. முதல் இரண்டு நாள் அவர் கண் திறவாததைக் கண்டு அஞ்சிய மகள், மாத்திரையைப் பாதியாக ஒடித்தாள். இரவு வேளையை நிறுத்தினாள். அதுவும் பக்தியின் காரணமாகவே: அப்பா தெளிவாக இருக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். நடந்தது வேறு. பாதி மாத்திரை வலியை அடக்கவில்லை. ஆனால் தலையைக் கனக்கச் செய்தது. நள்ளிரவில் வலி பொங்கியெழும். அப்போது பதறி இரண்டு மாத்திரை கொடுப்பாள். அவர் உறங்கவுமில்லை, விழிக்கவுமில்லை.

"அம்மா, இதை நான் தீர்க்க முடியாது. நாளைக் காலையிலேயே டாக்டரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்," என்றேன். "ஏசுவாரே, சுவாமி," என்றாள். ஏசவில்லை. அளவைத் திருத்தி, நேரத்தைத் தாளில் எழுதித் தந்து, நள்ளிரவு வேளைக்காக எழுப்ப வேண்டாதபடி படுக்குமுன் கொடுக்கும் அளவையும் அவரே ஒழுங்குசெய்தார். ஆசிரியர் இரண்டு நாள் தூங்கினார். ஐந்தாம் நாள் நான் சென்றபோது தலையணையில் சாய்ந்தபடி செய்தித்தாள் கேட்டுக்கொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனமும் அன்றுதான் செய்தார். வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு, தமக்கே உரிய ஒழுங்கோடு, அவசரமின்றிச் செய்தார்.

இனி மனச்சான்றின் கேள்விக்கு வருவோம். கல்வாரியில் நம் ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த இரசத்தைக் கொடுக்க முயன்றதையும், அவர் அதனை ஏற்கவில்லை என்பதையும் மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். இதைக் கொண்டு, வலியைத் தணிப்பது விசுவாசக் குறைவு என்று சொல்லும் பக்தர் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். தம் வலியைச் சொல்லாமல் மற்றவர் வலியைப் பற்றியே அவர்கள் அவ்வாறு பேசுவதை நான் கவனித்திருக்கிறேன். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலிய மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதனைத் தெளிவாக்கினார். ஒருவர் தாமே விரும்பி வேதனையை ஆண்டவரோடு ஒப்புக்கொடுப்பது உயர்ந்தது. ஆனால் அது எல்லார்மீதும் சுமத்தப்படும் கடமையன்று. வேறு வழி இல்லாதபோது, வலியைத் தணிக்க மயக்கந்தரும் மருந்தைக் கொடுக்கலாம். அதனால் நினைவு மங்கினாலும், ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்று முன்னறிந்தாலும், சாவை விரும்பிக் கொடுக்காதவரை, அது கொலை ஆகாது. 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும், 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், 1995-இல் இரண்டாம் அருள் சின்னப்பரின் 'வாழ்வின் நற்செய்தி' மடலும் இதையே உறுதிசெய்தன.

ஆனால் அவ்வுரையில் இன்னொரு பாதி உண்டு. அதனைப் பலரும் மறந்துவிடுகிறோம். போதிய காரணமின்றிச் சாகும் மனிதனின் நினைவைப் பறித்தலாகாது என்றும் திருத்தந்தை சொன்னார். இறைவனோடும் குடும்பத்தோடும் முடிக்க வேண்டிய கடமைகளை முடிக்க அவனுக்கு விழிப்பு வேண்டும். பாவசங்கீர்த்தனம், பகையானவரோடு ஒப்புரவு, சொத்தைப் பற்றிய ஒரு வார்த்தை, பேரப்பிள்ளையின் நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம்: இவை விழித்திருக்கும் மனிதன் செய்பவை. இதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. சுவாமியாரை முன்கூட்டியே அழைத்தால் போதும். நோயில் பூசுதல் நோயாளிக்குரிய அருட்சாதனம். கடைசி மூச்சு வரை அதனைத் தள்ளிப்போட்டுவிட்டு, குரு வாசலில் வந்து நிற்பதைக் கண்டாலே நோயாளி பயப்படுவார் என்று சொல்வது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. மருந்து தொடங்கும் வாரத்திலேயே சொல்லியனுப்புங்கள். அந்த வேளைக்குப் பிந்திப்போய் நினைவு தவறிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். நினைவோடு இருந்தபோது அதனை விரும்பியிருப்பார் என்று கருத இடமிருந்தால், நினைவிழந்தவருக்கும் பூசுதல் அளிக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது.

எல்லாத் தூக்கமும் கவலைக்கிடமற்றது என்று நான் சொல்லவில்லை. மூச்சை நாம் நினைத்து இழுப்பதில்லை. உறங்கும்போதும் மூளையின் அடித்தண்டு அதனைக் காக்கிறது. இரத்தத்தில் கரியமிலவாயு மிகும்போது, மூச்சை இழு என்று ஏவுவது அதுதான். அபின் வகை மருந்து அந்த ஏவலை மந்தமாக்கும். அளவறிந்து சிறுகச் சிறுக உயர்த்தினால் தீங்கில்லை. வலியும் ஒரு வகையில் மூச்சைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மதுவோ உறக்க மாத்திரையோ சேரும்போதுதான் ஆபத்து பெருகும். தூங்குபவரைப் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறக்கிறாரா, தோளைத் தொட்டு அசைத்தால் முனகியாவது பதில் தருகிறாரா என்று பாருங்கள். தந்தால் அது தூக்கம். எழுப்ப இயலாமல், மூச்சு நிமிடத்திற்கு எட்டுக்கும் கீழே இறங்கி, இடையில் நெடுநேரம் நின்று நின்று வந்து, கொறகொறவென்று குறட்டை கேட்டு, உதடு நீலம் பாய்ந்தால் அடுத்த மாத்திரையைக் கொடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள். மாற்று மருந்து உண்டு. அதனை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதை அவரே முடிவுசெய்வார். இன்னொன்று: சில நாட்களாகச் சிறுநீர் குறைந்து, தெளிவாக இருந்தவர் மீண்டும் மந்தமாகி, கைகால்கள் திடீர் திடீரென்று வெட்டியிழுத்தால், சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது என்று பொருள் கொள்ளலாம். அதையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

கடைசி நாட்களின் உறக்கம் வேறு. நோய் முற்றி உடல் அடங்கும்போது, எந்த மருந்தும் இன்றியே மனிதர் பகலும் இரவும் துயில்வர். உணவு வேண்டாம் என்பர். மூச்சு தன் தாளத்தை மாற்றிக்கொள்ளும். அந்த நிலையிலும் வலிக்கு மருந்து தொடர்ந்து கொடுக்கப்படுகிறது. அவர் இறந்ததும் சில வீடுகளில் தொடங்கும் விசாரணையை எண்ணும்போது என் நெஞ்சு பதறுகிறது. "கடைசி மாத்திரையைக் கொடுத்தது யார்?" சவப்பெட்டி வீட்டைவிட்டு நீங்குமுன்னே கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் கொடுத்தவள் மருமகள். நாற்பது நாள் மலம் அள்ளியவளும் அவளே. கேட்பவர்கள் நாற்பதாம் நாள் பேருந்திலிருந்து இறங்கியவர்கள்.

நெடுநாள் நோயில் இறக்கும் எவருக்கும் கடைசி மாத்திரை ஒன்று இருக்கத்தான் செய்யும். கடைசிக் கரண்டிக் கஞ்சியும், கடைசிச் சொட்டுத் தண்ணீரும் இருப்பது போல. கஞ்சி கொடுத்ததால் இறந்தார் என்று சொல்வோமா? முறையான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதே வலி தணிப்பு மருத்துவத்தில் தேர்ந்தோரின் அனுபவம். அந்த மருமகளுக்கு நான் சொல்வது: மருத்துவர் எழுதிய அளவை, எழுதிய நேரத்தில் நீ கொடுத்தாய். இதனைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. கேள்வி கேட்ட உறவினர் வேண்டுமானால் வரலாம்.

விழிப்பைப் பற்றிப் பேசுகையில் இவளுடைய விழிப்பையும் எண்ண வேண்டும். ஒலிவத் தோப்பில் ஆண்டவர் தம் நண்பர் மூவரைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார், அவர்களால் இயலவில்லை. துயரத்தால் உறங்கினார்கள் என்று லூக்கா இரக்கத்தோடு எழுதுகிறார். ஒரே ஆளை மாதக்கணக்கில் விழித்திருக்கச் சொல்வது நியாயமன்று. வின்சென்ட் தெ பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வாரத்தில் இரண்டு இரவுகளாவது முறைவைத்து நோயாளியின் அருகிலிருந்தால், செபமாலையும் சொல்லலாம். அந்தப் பெண்ணும் ஒன்றரை மணிச் சுற்று நான்கைத் தடையின்றி உறங்குவாள்.

மருந்து கிடைப்பதே அரிதாக இருந்த காலமும் உண்டு. உலக நாடுகளின் மருந்துக்காக மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிராகும் நாடு நமது. எனினும் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், உரிமங்களின் சிக்கலுக்கும் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வைப்பதையே விட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவப் பயன்பாடு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வீழ்ந்தது. எத்தனை இலட்சம் இரவுகள் அலறலில் கழிந்தன என்பதை இறைவனே அறிவார். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தாரும் அவரைப் போன்றோரும் விடாது முறையிட்டதன் பயனாக, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு உரிமமுறை எளிதாக்கப்பட்டது.

சட்டம் அஞ்சியதற்கும் காரணம் இல்லாமலில்லை. அந்தக் காரணம் சில வேளை அதே வீட்டின் அடுத்த அறையிலேயே இருக்கும். அடக்கம் முடிந்து ஏழாம் நாள் பூசையும் ஆன பின், இறந்தவரின் அலமாரியில் மிஞ்சிய மாத்திரைகள் என்னவாகின்றன? அவற்றை எண்ணி, கொடுத்த மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள். வீட்டில் வைத்தால், வலி இல்லாத ஒருவர் கையில் அவை சேரக்கூடும். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு நகரங்களில் டபென்டடால் என்னும் வலி மாத்திரையை இளைஞர் போதைக்காக உட்கொள்வதும், கோடீன் கலந்த இருமல் மருந்தைக் குடிப்பதும் பெற்றோர் அறிந்ததே. இவையும் அபினின் உறவினங்களே.

வலி இல்லாதவனுக்கு இம்மருந்து தருவது பகலில் தலை சாயும் அரைத்தூக்கம். இரவில் துண்டுபட்ட துயில். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் மூட்டுவலிக்கும் வயிற்று நோவுக்கும் என்று அபின் கரைசலைத் தொடங்கி அதற்கே அடிமையானவர். அபின் மயக்கத்தில் கண்ட கனவே தம் புகழ்பெற்ற பாடலாயிற்று என்று அவர் சொன்னதைக் கல்லூரியில் வியந்து படித்தவர்கள் உண்டு. 1803-இல் அவர் எழுதிய 'உறக்கத்தின் வேதனைகள்' என்னும் பாடலை எத்தனை பேர் படித்தனர்? அக்காலத்தில் அவர் தம் அலறலாலேயே விழித்து, வீட்டாரையும் எழுப்பிவிடுவார். 1816-இல் ஹைகேட்டில் கில்மன் என்னும் மருத்துவர் அவரைத் தம் இல்லத்தில் ஏற்று, அளவைக் கட்டுப்படுத்திப் பேணினார். கவிஞர் மறைவாகக் கடையில் வாங்கிக் குடித்ததும் உண்டு. கில்மன் குடும்பத்தார் அவரைத் துரத்தவில்லை. 1834-இல் இறக்கும் வரை பதினெட்டு ஆண்டுகள் அவர் அங்கேயே வாழ்ந்தார்.

மருந்தை நிறுத்தும்போது உறக்கம் ஏன் ஓடிவிடுகிறது? மூளைத்தண்டில் விழிப்பைக் காக்கும் நரம்பணுக் கூட்டம் ஒன்று உண்டு. அபின் அந்தக் காவலாளியின் வாயைப் பொத்துகிறது. நாள்தோறும் பொத்தப்பொத்த, அவனும் குரலை உயர்த்திப் பழகுகிறான். திடீரென்று கையை எடுத்தால் இரவெல்லாம் கூச்சல்தான். ஓயாத கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு, இவற்றோடு ஒரு கணமும் இமை மூடாத இரவுகள். 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்துபோன ஹெராயின் அடிமைகளின் மூளையைச் சோதித்தபோது, விழிப்பைத் தூண்டும் ஒருவகைச் சுரப்பை உண்டாக்கும் அணுக்கள் மற்றவர்களைவிடப் பாதிக்கும் மேல் அதிகமாகத் தென்படக் கண்டனர். உறங்க முடியாமை அவனுடைய பிடிவாதமன்று, அவன் மூளையில் நேர்ந்த மாற்றம் என்பதற்கு இது ஒரு சான்று.

இதனை நான் பெற்றோருக்காகவே எழுதுகிறேன். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மகன் நள்ளிரவில் கூடத்தில் உலாவுவதைக் கண்டு, "இன்னும் திருந்தவில்லை, எங்கோ போகப் பார்க்கிறான்" என்று கதவைப் பூட்டுகிறீர்கள். அவன் உறக்கத்தைத் தேடி உலாவுகிறான். அந்த உறக்கத்துக்காகவே பலர் மீண்டும் பழைய மாத்திரைக்குப் போகின்றனர். சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மூச்சு நின்றுவிடுவது பெரும்பாலும் அப்போதுதான். உறக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுப்பதும் ஆபத்தே. அரசுச் சிகிச்சை மையங்களில் மருத்துவர் மேற்பார்வையில் புப்ரினார்ஃபின் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்துச் சிறுகச் சிறுக மீட்கும் முறை நடைமுறையில் உள்ளது. அது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று அண்டை வீட்டார் பேசுவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நடுவழியில் நிறுத்திவிடாதீர்கள்.

உடலின் நோவு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தணியும். உறக்கம் சீர்பட வாரங்கள் ஆகும். சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். பகலில் வெயிலில் நடக்கவும் வேலை செய்யவும் விடுங்கள். மாலைக்குப் பின் காப்பி வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு அவன் எழுந்து உட்கார்ந்தால், வீட்டில் ஒருவர் எழுந்து விளக்கைப் போட்டு, அறிவுரை ஏதும் சொல்லாமல், சற்று நேரம் அவனோடு உட்கார்ந்திருங்கள்.